தவளைக்கு விழுந்த இரண்டு கத்திகள்

மட்டாஞ்சேரியை ஒட்டிய தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். மத்தி, அயிலை, இறால் என்று ஏலம் அமர்க்களப்படும். 1987 வரை கொச்சியிலிருந்து இன்னொரு சரக்கும் ஐஸில் உறைந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது: தவளைக் கால். மழைக்கால இரவுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குடன் வயலில் இறங்கிப் பிடித்தவை. காலை வெட்டிக்கொண்டு மீதியை எறிந்தார்கள். பூச்சிகளைத் தின்னும் தவளை குறைந்தால் பயிர் என்னாகும் என்ற கவலை வலுக்க, மத்திய அரசு 1987-ல் ஏற்றுமதியைத் தடை செய்தது.

இன்னொரு கத்தி மட்டும் ஓயவில்லை. கல்லூரி விலங்கியல் பரிசோதனைக்கூடத்தில் குளோரோஃபார்ம் நெடி, மெழுகுத் தட்டு, நான்கு கால்களிலும் குண்டூசி. அந்தக் காலத்தில் விலங்கியல் படித்தவர்களைக் கேளுங்கள், நெடியைத்தான் முதலில் சொல்வார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது.

ஏன் தவளை? எளிதாகக் கிடைத்தது ஒரு காரணம். அதன் உடல் நீருக்கும் நிலத்துக்கும் நடுவில் நிற்பது இன்னொன்று. தலைப்பிரட்டைக்கு மீனைப்போலச் செவுள், இரண்டறை இதயம். வளர்ந்தால் நுரையீரல், மூன்றறை இதயம். நெஞ்சை விரிக்க விலாக்கூடு கிடையாது. வாயின் அடித்தளத்தை ஏற்றி இறக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிறது. நீருக்குள் தோலே மூக்கு. பின்னங்காலின் கீழெலும்புகள் ஒன்றாக இணைந்தவை. கணுக்கால் எலும்புகள் நீண்டவை. எல்லாம் தாவுவதற்காக. தாவும் அந்தத் தசைதான் வெளிநாட்டு ஹோட்டல்களில் பரிமாறப்பட்டது.

அறுக்காமல் எப்படிக் கற்பது? கேள்வியில் நியாயம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் எந்த ரத்தக்குழாயும் கைதவறி அறுந்துவிடாது. ஆனால் தொண்டை துடிப்பதை உயிருள்ள தவளையிடம்தான் பார்க்க முடியும். பரிணாமத்தையோ எந்தத் தட்டும் காட்டியதில்லை. 2003-ல் எஸ்.டி. பிஜுவும் ஃப்ராங்கி பொசுயிட்டும் இடுக்கி மலையின் ஊதா நிறத் தவளை ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழ்ந்து, மழை தொடங்கும்போது இணைசேர வெளியே வரும் பிராணி. அதன் நெருங்கிய உறவுகள் இருப்பதோ கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்தின் மிச்சம் அது.

அறுத்தே பார்க்க வேண்டுமா? சமையலறையில் இறால் இருக்கிறது. தலையோடு போவது இரைப்பையும் இதயமும். முதுகில் உருவும் கறுப்பு நூல், குடல். மிஞ்சும் சதை, ஆபத்து வந்தால் வாலை மடித்துப் பின்னோக்கிப் பாய்வதற்கான தசை.