கூட்டு மின்பதிப்பில் 'கிட்': பெறுதலும் இணைத்தலும்

ஒரே பனுவலைப் பலர் கூடிப் பதிப்பிக்கும்போது, ஒருவர் செய்த திருத்தம் மற்றவரைச் சென்றடையும் முறை கருதத்தக்கதாகிறது. லினக்ஸ் கருவக நிரலைப் பராமரிப்பதற்காக 2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், இன்று மின்பனுவல் பதிப்பாசிரியர்க்கும் பயன்படுகிறது. இதில் குழுவினர் ஒவ்வொருவர் கணினியிலும் மாற்ற வரலாற்றுடன் கூடிய களஞ்சியம் இருக்கும்; பொதுக் களஞ்சியம் தொலைவிலுள்ள வழங்கியில் இருக்கும்.

பொதுக் களஞ்சியத்திலிருந்து பிறர் மாற்றங்களைக் கொணர 'ஃபெட்ச்', 'புல்' என இரு கட்டளைகள் உள்ளன. இவற்றை ஒன்றெனக் கருதுவது பொருந்தாது. 'ஃபெட்ச்' புதிய பதிவுகளைப் பதிவிறக்கித் தொலைக்கிளைக் குறிப்புகளை மட்டும் புதுப்பிக்கும். பயனர் திருத்திக்கொண்டிருக்கும் கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. 'புல்' என்பதோ பெற்ற கையோடு அவற்றைப் பயனரின் கிளையில் இணைக்க முற்படும்.

கிட் வரிகளை நோக்கியே இணைக்கிறது. பொருளை அது அறியாது. ஒருவர் பாடலில் ஒரு சொல்லைத் திருத்த, மற்றொருவர் பழைய பாடத்திற்கே அடிக்குறிப்பு எழுதியிருந்தால், அவ்வரிகள் தள்ளி அமைந்திருக்கும் நிலையில் இரண்டும் எவ்வித முரண் அறிவிப்புமின்றி இணைந்துவிடும். அதே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் இணைப்பு நின்று, இரு வடிவங்களும் கோப்பிலேயே குறியிட்டுக் காட்டப்படும். ஆதலின் முதலில் ஃபெட்ச் செய்து, 'டிஃப்' கட்டளையால் வேறுபாடுகளைப் படித்தறிந்து, அதன்பின் 'மெர்ஜ்' செய்வதே பதிப்பாசிரியர்க்கு ஏற்றது. தம் கிளைப்பெயரை முதலிலும் தொலைக்கிளைப் பெயரை அடுத்தும் எழுதி, இடையே மூன்று புள்ளிகள் இட்டால், இரண்டும் பிரிந்தபின் பிறர் செய்தவை மட்டும் தோன்றும். இரண்டு புள்ளிகள் இட்டால் தம் திருத்தங்களும் நீக்கப்பட்டவைபோல் கலந்து தோன்றி மயக்கும்.

தமிழ்ப் பனுவலுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாயினும், கிட் பைட்டுகளையே ஒப்பிடுவதால் அவை வேறு வரிகளாகின்றன. ஒருவரின் மென்பொருள் கோப்பு முழுவதையும் மாற்று வடிவில் சேமித்துவிட்டால், எழுத்து மாறாத வரிகளும் மாறியனவாகத் தோன்றும். உண்மையான பாடவேறுபாடு அவற்றுள் மறைந்துபோகும். உரைநடையில் ஒரு பத்தி முழுவதும் ஒரே வரியாக இருப்பின், அதன் இரு முனைகளில் செய்த தொடர்பற்ற திருத்தங்களும் முரணாகவே காட்டப்படும். எனவே கோப்புகளை என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்க வடிவில் சேமிப்பதையும், ஒரு தொடருக்கு ஒரு வரி என அமைப்பதையும் பணி தொடங்குமுன்னரே குழு முடிவுசெய்துகொள்ளுதல் வேண்டும்.