பட்டறையில் ஓடிய நிரல் பணியிடத்தில் நிற்பது ஏன்?

வங்கியில் ஒருவர் 500 ரூபாயை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றுகிறார் என்று கொள்வோம். அடுத்த நொடியே மின்சாரம் நின்றுவிடுகிறது. மின்சாரம் திரும்பிய பிறகு பார்த்தால் இரு கணக்குகளும் சரியாகவே இருக்கின்றன. மின்சாரம் நின்றதும் கணிப்பொறியின் தற்காலிக நினைவகத்தில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படியானால் அந்த 500 ரூபாய்க் கணக்கைக் காப்பாற்றியது எது?

மின்சாரம் நிற்பதற்கு முன்பே அந்தத் தகவல், மின்சாரமின்றியும் அழியாத வட்டில் எழுதப்பட்டுவிட்டது. தகவலை இவ்வாறு நிலைத்திருக்கச் செய்வதை 'நிலைநிறுத்தம்' எனலாம். எழுதி முடித்த நிரலை, அதை உருவாக்கியவரின் கணிப்பொறியிலிருந்து வங்கியின் கணிப்பொறிக்குக் கொண்டுபோய் இயங்கச் செய்வதை 'நிறுவுதல்' எனலாம்.

உலகெங்கும் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்ற பெருநிறுவனங்களின் நிரல்கள் பல, ஜாவா என்னும் மொழியில் எழுதப்பட்டவை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட மொழி இது. இத்தகைய நிரல்களில் தோன்றும் கடினமான பழுதுகள் பல, மேலே கூறிய இரண்டு செயல்களிலேயே ஏற்படுகின்றன. இரண்டுமே ஓர் எல்லையைக் கடக்கும் செயல்கள். ஒன்றில் தகவல் நினைவகத்திலிருந்து வட்டுக்குப் போகிறது. மற்றதில் நிரல் பட்டறையிலிருந்து பணியிடத்துக்குப் போகிறது. பழுது பெரும்பாலும் இந்த எல்லையில்தான் ஒளிந்திருக்கும்.

பாதியில் நின்ற கணக்கு

பணமாற்றத்தில் இரண்டு படிகள் உள்ளன. முதற்கணக்கில் 500 கழிக்க வேண்டும். இரண்டாவது கணக்கில் 500 கூட்ட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. இவ்வாறு பிரிக்க முடியாதபடி கட்டப்பட்ட படிகளின் தொகுதியைப் 'பரிவர்த்தனை' என்பர். இடையில் தடை ஏற்பட்டால், செய்த படிகளையும் தரவுத்தளம் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஜாவா நிரலில் இடையூறு ஏற்படும்போது எழும் அறிவிப்புகளில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று, யாரும் எதிர்பாராதது. மற்றொன்று, 'இப்படியும் நேரலாம்' என்று நிரல் எழுதுபவரே முன்கூட்டி அறிவித்து வைப்பது. பெருநிறுவன நிரல்களில் மிகுதியாகப் பயன்படும் ஸ்பிரிங் போன்ற அமைப்புகளின் இயல்பான விதி இது: எதிர்பாராத வகை எழுந்தால் பரிவர்த்தனை திரும்பப் பெறப்படும்; முன்கூட்டி அறிவித்த வகை எழுந்தால் திரும்பப் பெறப்படாது.

இதன் விளைவைப் பாருங்கள். முதற்கணக்கில் 500 கழிக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது கணக்கு மூடப்பட்ட கணக்கு என்று இப்போது தெரிகிறது. அதற்கென முன்கூட்டி அறிவித்து வைத்த அறிவிப்பு எழுகிறது. விதிப்படி, கழித்த 500 கழித்தபடியே வட்டில் நிலைபெற்றுவிடும்! நிரல் நின்றுவிடவில்லை, யாரும் அதைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் 500 ரூபாயைக் காணவில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் வழி இயற்பியல் மாணவருக்குப் பழக்கமானதே. ஆற்றல் அழிவதில்லை என்ற விதியை நாம் அறிவோம். மோதலுக்கு முன்பும் பின்பும் மொத்த ஆற்றலைக் கூட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல மாற்றத்துக்கு முன்பும் பின்பும் இரு கணக்குகளின் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் குறைந்தால் எங்கோ பரிவர்த்தனை பாதியில் நின்றிருக்கிறது. 'இந்த அறிவிப்பு எழுந்தாலும் திரும்பப் பெறு' என்று நிரலில் குறித்து வைப்பதே இதற்குத் தீர்வு.

எட்டாவது பைட்

இனி நிறுவுதலுக்கு வருவோம். நாம் எழுதும் ஜாவா நிரல் முதலில் 'கிளாஸ்' கோப்பாக மாற்றப்படுகிறது. ஜாவா மெய்நிகர் பொறி என்னும் மென்பொருள் அந்தக் கோப்பைப் படித்து இயக்குகிறது. ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளும் 202, 254, 186, 190 என்ற எண்களே. இது ஜாவாக் கோப்பு என்பதற்கு அடையாள முத்திரை அது. ஏழாவது, எட்டாவது பைட்டுகளில் பதிப்பு எண் இருக்கும். இன்றுள்ள பதிப்பு எண்கள் சிறியவை. ஆகவே எட்டாவது பைட்டைப் பார்த்தாலே போதும். அதில் 52 என்றிருந்தால் ஜாவா 8; 61 என்றிருந்தால் ஜாவா 17. அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைத்துவிடும்.

மெய்நிகர் பொறி தன் பதிப்பையும் அதற்கு முந்திய பதிப்புகளையும் படிக்கும். பிந்திய பதிப்பைப் படிக்காது. பட்டறையில் ஜாவா 17, பணியிடத்தில் ஜாவா 8 என்றிருந்தால், கோப்பில் 61 என்ற எண்ணைக் கண்டவுடனே பணியிடத்துப் பொறி மறுத்துவிடும். நிரலில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனாலும் அது ஓடாது.

பெயர் மாறியதால் வந்த பழுது

பெருநிறுவன நிரல்களுக்கான ஜாவாத் தொகுப்பை ஆரக்கிள் நிறுவனம் 2017இல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஜாவா என்ற பெயரின் வணிக உரிமை ஆரக்கிளிடமே இருந்ததால், புதிய தொகுப்பு ஜகார்த்தா என்ற பெயரைப் பெற்றது. 2020இல் வந்த ஒன்பதாம் பதிப்பில், 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய அதன் உட்பகுதிப் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. பழைய நிரலைப் புதிய சர்வரில் நிறுவினால், அது பழைய பெயரைச் சொல்லித் தேடும். அந்தப் பெயரில் அங்கே எதுவும் இராது.

அப்படியானால் நிரலிலுள்ள எல்லா 'ஜாவாக்ஸ்' சொற்களையும் 'ஜகார்த்தா' என்று மாற்றிவிடலாமா? கூடாது. ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பைச் சேர்ந்த சில பகுதிகள் இன்றும் ஜாவாக்ஸ் என்ற பெயரிலேயே இருக்கின்றன. அவற்றையும் மாற்றினால் ஒரு பழுது போய் மற்றொன்று வந்து சேரும்.

எட்டில் ஒன்று

அவசர மாற்றத்தால் எவ்வளவு தீங்கு விளையும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. மொழி எதுவாயினும் அதன் பாடம் பொதுவானதே. பங்கு வணிகம் செய்துவந்த நைட் கேப்பிடல் நிறுவனத்திடம் எட்டு சர்வர்கள் இருந்தன. 2012 ஆகஸ்ட் 1 அன்று பயன்படுவதற்காகப் புதிய நிரல் அவற்றில் நிறுவப்பட்டது. ஏழில் நிறுவியவர்கள் எட்டாவதை விட்டுவிட்டார்கள். 2003இலேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட பழைய பகுதி ஒன்று அந்த எட்டாவது சர்வரில் இருந்தது. அதை எழுப்பும் குறியையே புதிய நிரலும் வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. ஆகவே வணிகம் தொடங்கியதும் எட்டாவது சர்வரில் பழைய பகுதி விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வணிகங்கள் நடந்துவிட்டன. நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வணிகம் தொடங்குமுன்பே அந்தப் பழைய பகுதியைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை அவர்களுடைய கணிப்பொறி அமைப்பே அனுப்பியிருந்தது. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பழுது தெரிந்ததும், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அவற்றிலும் பழைய பகுதி விழித்துக்கொள்ள, நிலைமை இன்னும் மோசமாயிற்று. எட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டிருந்தால் வேறுபட்டது எது என்று விளங்கியிருக்கும்.

தேடும் முறை

எனவே, நேற்று ஓடிய நிரல் இன்று ஓடவில்லை என்றால், முதலில் பழுது அறிக்கையை முழுதும் படிக்க வேண்டும். ஜாவாவின் அறிக்கை நீளமானது. 'இதனால் விளைந்தது' என்ற பொருளில் தொடங்கும் வரிகள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மூலக் காரணம் பெரும்பாலும் அவற்றுள் கடைசி வரியில் இருக்கும். இரண்டாவதாக, ஓடும் இடத்தையும் ஓடாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளைப் பட்டியலிட வேண்டும்: ஜாவாவின் பதிப்பு, சர்வரின் பதிப்பு, தரவுத்தளத்தின் முகவரி, கடவுச்சொல். மூன்றாவதாக, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும்.

தனி ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று அறிய, நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றாமல் வைக்கிறோம். இரண்டையும் சேர்த்து மாற்றினால், கிடைத்த விளைவு எதனால் வந்தது என்று சொல்ல இயலாது. கணிப்பொறியில் பழுது தேடுபவரும் இதையே செய்கிறார்.

பள்ளியிலோ வீட்டிலோ ஜாவா உள்ள கணிப்பொறி இருந்தால் ஒரு சிறு நிரல் எழுதி, அதன் கிளாஸ் கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருளில் திறந்து பாருங்கள். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறு அடிமானத்தில் காட்டும். அவற்றைப் பத்து அடிமானத்துக்கு மாற்றினால் 202, 254, 186, 190 கிடைக்கும். பிறகு எட்டாவது பைட்டைப் பார்த்து 44ஐக் கழியுங்கள். உங்கள் கணிப்பொறியிலுள்ள ஜாவாவின் பதிப்போடு அந்த விடை பொருந்துகிறதா?