நடுக்குழாய்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, போடி வீட்டுக் குளியலறைச் சுவரில் கீசருக்குக் கீழே துரு நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. பார்க்க வந்த தம்பி ஸ்டூலில் ஏறி, கீழ் மூடியைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். "டேங்க் போயிருச்சுண்ணே. இதுல பண்றதுக்கு ஒண்ணுமில்ல, புதுசு மாட்டிருங்க." எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். கீசருக்கு வயது பத்து.

அதே வீட்டுப் பரணில், அதே வேலையைப் பார்த்துவந்த இன்னொரு சாமான் சாக்கு சுற்றிக் கிடந்தது. செம்பு பாய்லர். வயது அறுபதைத் தாண்டும். அதுவும் ஒழுகும்தான். ஆனால் அதைப் பார்த்து யாரும் "ஒண்ணுமில்ல" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

தாத்தா அதை மதுரையில் வாங்கி ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை போடப்பட்டது 1928-ல். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். அந்த இரண்டாம் பிறவி எடுத்த ரயிலில் வந்து இறங்கியது எங்கள் பாய்லர்.

பெயர்தான் பாய்லர். பாய்லருக்கென்று இந்த நாட்டில் 1923-ல் ஒரு சட்டம் வந்தது, 2025-ல் அதன் இடத்துக்குப் புதுச் சட்டமும் வந்துவிட்டது. இரண்டும் அழுத்தத்தில் நீராவி கிளப்பும் ஆலைக் கொதிகலன்களைப் பற்றியவை. எங்கள் வீட்டுச் சாமான் சட்டத்தின் கண்ணில் வெறும் அண்டா. ஆனால் அந்த அண்டாவுக்குள் ஒரு சூட்சுமம் உண்டு. நட்டநடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் ஓடும். விறகு எரிவது அதற்குள்தான். சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு. மேலே ஒரு புனல். அதில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் நேரே அடிக்குப் போகும், மேலே மிதக்கும் வெந்நீர் மூக்கு வழியாக வெளியே வரும். ஒரு செம்பு ஊற்றினால் ஒரு செம்பு வரும். ஊற்றாதவனுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. குளித்துவிட்டுப் போகிறவன் அடுத்தவனுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவது எங்கள் வீட்டில் நல்ல பழக்கம் என்று நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது பாய்லரின் ஏற்பாடு என்பது பிறகுதான் புரிந்தது.

எரிப்பதற்கு விறகே வேண்டும் என்றில்லை. போடி இலவம்பஞ்சு ஊர். பஞ்சை எடுத்த பிறகு மிஞ்சும் காய்த்தோல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சுருசுருவென்று பிடித்துக்கொள்ளும், ஆனால் நின்று எரியாது. அதற்குமேல் தேங்காய் மட்டை, பட்டுப்போன மாங்கிளை. ஒரே ஒரு விதி: தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு வைக்கக் கூடாது. வைத்தால் பற்றாசு வைத்த இடம் இளகி, அன்றைக்கே பாத்திரக்காரரைத் தேட வேண்டியதுதான்.

அப்படித் தேடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை அவரிடம் போயே ஆக வேண்டும். உள்ளே நெருப்பு, வெளியே தண்ணீர் என்று இரண்டு பக்கமும் அடி வாங்குவது நடுக்குழாய் என்பதால், தேய்வதும் அதுதான். ஒரு நாள் காலையில் தீ அணையாமல் புஸ் புஸ்ஸென்று சத்தம் போடும். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். தெருவில் துருத்தி வைத்து உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் அதை அடைத்துக் கொடுப்பார். ஓட்டை பெரிதானால் பாத்திரப் பட்டறை. அங்கே பழைய குழாயை அறுத்து எடுத்துத் தராசில் வைப்பார்கள், புதுக் குழாயையும் வைப்பார்கள். எடை வித்தியாசத்துக்குக் காசு, கொஞ்சம் சேதாரம், கூலி. முடிந்தது. முழுப் பாய்லரே போய்விட்டாலும் இதே கணக்குதான். தேய்ந்தது போக மிச்சச் செம்பு அப்படியே இருக்கும். அதைப் போட்டுவிட்டுப் புதியது எடுக்கலாம். நகையை அழித்துச் செய்வது மாதிரி. 'சரி பண்ணுவதா, மாற்றுவதா' என்று ராத்திரி உட்கார்ந்து யோசிக்கும் கேள்வியே அன்றைக்கு எழவில்லை. மாற்றுவதும் சரி பண்ணுவதில் ஒரு வகையாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் இப்படி ரசித்து எழுதுகிறவன் ஒரு நாளும் அந்தப் பாய்லரைப் பற்றவைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாலரை மணிக்கு எழுந்து ஊதியது அம்மா. அதற்கு முன்னால் அப்பத்தா. மலைச்சரிவிலிருந்து சுள்ளிக்கட்டைத் தலையில் சுமந்துவந்து விற்றவர்களும் பெண்கள்தான். முதல் கீசர் வாங்கிய நாளில் அப்பா கரண்டு பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அம்மா ஒன்றும் பேசாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு, சிவப்பு விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவிடம் கேட்டால் செம்பு பாய்லரைப் பற்றிக் கட்டுரை எதுவும் தேறாது.

இத்தனைக்கும் போடி குளிர் ஊர் இல்லை. வருடத்தில் பாதி நாள் மேல்தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான். மார்கழி, தை போக, பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும்தான் இங்கே வெந்நீர் வேண்டும். கதை மாறுவது மேலே. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு போய்விட்டால் ஆனியிலிருந்தே மஞ்சும் சாரலும்தான். ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் அடுப்பு அணைந்த நேரமே கிடையாது. மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் போனால் டீக்கடையில் சமாவர் இருக்கும். அதுவும் நடுக்குழாய்ச் சாமான்தான், எரிவது கரி. உள்ளே ஒரு காசைப் போட்டு வைத்திருப்பார்கள். தண்ணீர் கொதித்ததும் காசு கிணுகிணுக்கும்.

ஆனால் அந்த மலையின் பெரிய அடுப்பு குளிப்பதற்கானது இல்லை. ஏலக்காய் ஸ்டோர், அதாவது காயை உலர்த்தும் அறை. பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அதைப் பத்துப் பங்குக்கு இறக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும். 45-லிருந்து 55 டிகிரிக்குள் சூட்டைப் பிடித்து ஒரு பகலும் ஒரு இரவும் காய்ச்ச வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும். குறைந்தால் புழுங்கிக் கெடும். பழைய ஸ்டோரில் அடுப்பின் வாய் அறைக்கு வெளியே இருக்கும். நெருப்பின் சூடும் புகையும் தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி, கூரைக்கு மேல் போய்விடும். காய்த்தட்டுகள் அடுக்கடுக்காக அந்தக் குழாய்க்கு மேலே. எங்கள் பாய்லரில் தண்ணீருக்கு நடுவே ஓடிய குழாய்தான், இங்கே காற்றுக்கு நடுவே ஓடுகிறது.

மெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு ஒவ்வொரு ஆடியிலும் இந்தக் கவலை வரும். அடுத்த மாதம் பறிப்பு தொடங்கிவிடும், குழாய் இந்த வருடம் தாங்குமா? துருவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால் போதும். ஸ்டோருக்குள் புகை இறங்கும், காய் புகை வாடை பிடிக்கும். ஏலத்தில் எடுக்கிற வியாபாரி மாதிரியைக் கையில் கொட்டி நிறம் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார். அங்கே முடிந்தது அந்த வருட லாபம். அதனால் சித்தப்பா ஆடியில் பகல் நேரம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்காருவார். வெளியே ஆள் டார்ச்சைக் குழாய்க்குள் அடிப்பார். எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றுவார்கள். அடுப்பு வாய்க்குப் பக்கத்துத் துண்டுதான் முதலில் போகும். கூரைப் பக்கத்துத் துண்டு பத்து வருடம்கூட இருக்கும்.

இப்போது பல தோட்டங்களில் கேஸில் ஓடும் உலர்த்தி வந்துவிட்டது. விசிறி, சூட்டைத் தானே பிடிக்கும் தெர்மோஸ்டாட் எல்லாம் உண்டு. ஸ்பைசஸ் போர்டு மானியமும் தருகிறது. சொந்த ஸ்டோர் இல்லாதவர்கள் பச்சைக் காயை அடுத்தவர் உலர்த்தியில் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் காய்ச்சி வாங்குகிறார்கள். விறகும் போய்விடவில்லை. ஏலச்செடிக்கு நிழல் தர நிற்கிற மரத்தின் கிளைதான் அதன் காயை உலர்த்தவும் எரிகிறது. செடிக்கு மரம் வேண்டும், காய்க்கு விறகு வேண்டும் என்ற இந்த இழுபறி திருவிதாங்கூர் அரசு 1897-ல் ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்த காலத்துக்கும் முந்தியதாகத்தான் இருக்கும்.

எப்போது மாற்றுவது, எப்போது ஒட்டுப்போடுவது என்பதைத் துரு மட்டுமா தீர்மானிக்கிறது? 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு விளைச்சல் சரிந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்வரை போனது. மூன்று வருடத்துக்குள் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. ஏழாயிரம் விற்ற வருடம் சித்தப்பாவின் தெருவில் எல்லோரும் புது உலர்த்தி பேசினார்கள். ஆயிரத்துக்கு இறங்கிய வருடம் எல்லோரும் தகரம் வெட்டிக் குழாய்க்கு ஒட்டுப்போட்டார்கள். இரண்டு வருடமும் துரு என்னவோ அதேதான்.

ஏலமும் மாறிவிட்டது. முன்பு சத்தம் போட்டுக் கேட்பார்கள். 2007 முதல் போடியிலும் வண்டன்மேட்டிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். ஆனால் மாதிரியை மூக்கால் பார்ப்பதற்கு இன்னும் பொத்தான் வரவில்லை.

கீசருக்கு வருவோம். வந்த தம்பி அவசரத்தில் சொன்னது சரிதானா என்று எனக்கே சந்தேகம். அடுத்த நாள் நிதானமாகப் பார்த்தேன். கீசர் சொட்டினால் டேங்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீர் சூடாகும்போது விரியும், அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் பக்கத்தில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. அதில் இரண்டு சொட்டு விழுவது அதன் உத்தியோகம். அதை அடைத்துவிடுகிற புத்திசாலிகள் குளியலறையில் வெடியைத் தொங்கவிடுகிறார்கள். தண்ணீர் சுடவே இல்லையென்றால் எலிமெண்ட், அளவுக்கு மீறிச் சுட்டால் தெர்மோஸ்டாட். இரண்டும் கழற்றி மாட்டக்கூடியவை, அதற்காக யாரும் கீசரைத் தூக்கிப்போட வேண்டாம். வால்வும் இணைப்பும் காய்ந்திருக்க, உடம்பின் மடிப்பிலிருந்தே துருத்தண்ணீர் கசிந்தால்தான் டேங்க். அதை ஒட்ட முடியாது. சூடு காக்கும் பஞ்சுநுரைக்குள் இரும்பு டேங்கைப் புதைத்து மூடியிருக்கிறார்கள், திறந்தால் மறுபடி மூட வழியில்லை. என்னுடையதில் மடிப்புதான் கசிந்தது. தம்பி சொன்னது சரி.

தவறு என்னுடையது. டேங்குக்குள் மெக்னீசியத்தில் ஒரு கம்பி இருக்கும். உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்ன வரும்போது முதலில் இந்தக் கம்பியைத் தின்றுகொண்டிருக்கும். சில வருடங்களில் கம்பி கரைந்துபோகும். வேறு கம்பி போட்டால் டேங்க் பிழைக்கும், போடாவிட்டால் அடுத்தது டேங்க்தான். எங்கள் போர்த்தண்ணீருக்குப் பத்து வருடம் அது தாக்குப்பிடித்ததே அதிகம். அந்தக் கம்பியும் ஒரு நடுக்குழாய்தான். மற்றதுக்குப் பதிலாகத் தேய்வதற்கென்றே வைத்த பாகம். பாய்லர் குழாயின் ஓட்டை புஸ்ஸென்று சொன்னது. இது வாயே திறக்கவில்லை.

மாற்றுவது என்று ஆனபின் எதற்கு மாற்றுவது? சோலார் வைக்கலாமே என்றான் மருமகன். போடியில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் வெயில் அடிக்கும் மாதங்களில் எங்களுக்கு வெந்நீர் வேண்டாம். மலையில் வெந்நீர் வேண்டிய மாதங்களில் சூரியனே மஞ்சுக்குள் இருக்கிறது. கேஸ் கீசர் நொடியில் சுடும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். எங்கள் குளியலறை ஜன்னல் ஒரு சாண். வேண்டாம். மின்சாரக் கீசர் 15 லிட்டரைச் சுட வைக்க முக்கால் யூனிட்டுக்குள்தான் எடுக்கும், இருபது நிமிடம். தினம் மூன்று பேர் தனித்தனியாகப் போட்டால் இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டைத் தாண்டிவிடும். அப்போது அரசு தந்துவந்த இலவச 100 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து ஏறும்.

பாய்லரை இறக்கி, மதுரையில் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்தேன். பெரியவர் விரலால் தட்டிக் கேட்டார். "குழாய் மட்டுந்தான் தம்பி. உடம்பு கல்லு மாதிரி இருக்கு." நடுக்குழாய்க்கு அவர் சொன்ன தொகை புதுக் கீசர் விலையில் முக்கால். செம்பு விலை அப்படி. பதினைந்து நாள் ஆகும் என்றார். சரி என்றேன்.

மாற்றுகிறேன் என்று பிடுங்கிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். மீட்டர்கேஜை அகலப்பாதையாக்க 2010 டிசம்பர் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். பாய்லர் பட்டறையில் கிடந்த பதினைந்து நாளும் அம்மா கேஸ் அடுப்பில் குண்டா வைத்துச் சுடவைத்துக் குளித்தார். பதினாறாம் நாள் புதுக் கீசர் வீட்டில் ஏறியது. குழாய் மாற்றிய பாய்லர், விடியற்காலையில் வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பின் கூரையில் கட்டப்பட்டு சித்தப்பா வீட்டுக்கு மலையேறியது. ஆடிக்காற்றில் அங்கே கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

பழைய கீசரை எடைக்குக் கேட்டவர் இரும்பு விலைதான் போட்டார். வாங்கிக்கொண்ட கையோடு, "பரண்ல செம்பு ஏதும் கெடக்காண்ணே?" என்றார். தாமதமாக வந்துவிட்டார்.

புதுக் கீசருக்குக் கீழே சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 'கம்பி பார்க்க — அடுத்த வருட மார்கழி'. அம்மா குளிக்கப் போனபோது அதைப் படித்துவிட்டு உள்ளேயிருந்தே கேட்டார்.

"எந்தக் கம்பிடா? சுவத்துல என்னத்த கிறுக்கி வச்சிருக்க?"