மாலுமியும் முஅல்லிமும்: மாணவருக்குச் சில இலக்கியச் சொற்கள்

"உருவகம் எண்டா என்ன மாமா?" என்று தரம் 11இல் படிக்கும் மருமகள் கேட்டாள். சொல்ல வாயெடுக்குமுன் அவளே வரைவிலக்கணத்தை ஒப்புவித்து முடித்தாள். ஒரு எழுத்துப் பிழையில்லை. "சரி, இந்தப் பக்கத்திலே ஒண்டைக் காட்டு பார்ப்பம்" என்றேன். புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் கையில் இருந்தது, பொருள் இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் நம் பிள்ளைகளிற் பலருடைய நிலையும் இதுதான். ஆகவே சில அடிப்படைச் சொற்களை இங்கே எளிமையாகப் பார்ப்போம்.

அச்சிட்ட அகராதிகள் பரவுவதற்கு முன்னர் பிள்ளைகளுக்குச் சொல்லறிவு நிகண்டு வழியாகத்தான் கிடைத்தது. சொல்லுக்குப் பொருளைப் பாட்டாகக் கட்டி வைத்த நூலே நிகண்டு. பார்த்துப் படிப்பதற்காக அல்ல, மனனம் செய்வதற்காக இயற்றப்பட்டது. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகள் கொண்டது. அந்த வழியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறையிலே வாழ்ந்த ச. வைத்தியலிங்கம்பிள்ளை 1876இல் சிந்தாமணி நிகண்டு என்ற நூலை வெளியிட்டார். கப்பலோட்டத்திற்குப் பேர்போன ஊர் அது. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கடலை நம்பி வாழ்ந்த அந்த ஊரிலேயே ஒரு சொற்களஞ்சியமும் பிறந்திருக்கிறது.

நிகண்டு சொற்களை மூன்று விதமாக வகுக்கும். அந்த வகுப்பு இன்றைய வாசிப்புக்கும் உதவும்.

முதலாவது, ஒரு பொருளுக்குப் பல பெயர். கப்பலை நாவாய், வங்கம், கலம் என்றெல்லாம் சொல்லலாம். புலவர் ஏன் இந்த இடத்தில் இந்தப் பெயரை எடுத்தார் என்று கேட்கத் தொடங்கினால் அதுவே இரசனை.

இரண்டாவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள். கலம் என்றால் கப்பல், உண்ணும் பாத்திரம், அணியும் நகை, ஒரு முகத்தலளவை. எது பொருந்தும் என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்களே காட்டித்தரும். சந்தர்ப்பப் பொருள் என்பது இதுதான்.

மூன்றாவது, பல பொருளின் கூட்டத்துக்கு ஒரு பெயர். முக்கனி, ஐம்பொறி என்பன போல. நம் வீட்டில் ஐந்து கடமை, நான்கு மத்ஹபு என்று சொல்லும்போது நாமும் இந்த வகையைத்தான் கையாளுகிறோம்.

இனி அணிகள். "காற்றில் அகப்பட்ட தோணிபோல உம்மாவின் மனம் ஆடியது" என்றால் உவமை. இங்கே மனம் வேறு, தோணி வேறு. 'போல' இரண்டையும் இணைக்கிறது. "உம்மாவின் மனத்தோணி ஆடியது" என்றால் உருவகம். மனமே தோணியாகிவிட்டது. "வாப்பா கடலிலிருந்து திரும்பவில்லை, கரையிலே தோணி கவிழ்ந்து கிடந்தது" என்று ஒரு கதை முடிந்தால், அந்தத் தோணி வெறும் மரமல்ல. தாங்கி நின்றவரை இழந்த குடும்பத்தையே அது நினைவூட்டுகிறது. இது குறியீடு. ஒரே தோணிதான், மூன்று வேலை செய்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிள்ளைக்கு வரைவிலக்கணத்தைப் பாடமாக்கத் தேவையில்லை.

பின்னணி என்பது கதை நிகழும் காலமும் இடமும். சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களாக அமைந்தது. காண்டம் பெரும் பிரிவு, படலம் அதனுள் அடங்கும் சிறு பிரிவு. உமறுப் புலவர் அறபு நாட்டைப் பாடும்போது மழையும் ஆறும் வயலும் வருகின்றன. "மக்காவிலே வயல் எங்கே?" என்று பிள்ளை கேட்டால் ஏசக்கூடாது, அது நல்ல கேள்வி. தமிழ்க் காப்பியம் நாட்டு வளத்தோடு தொடங்குவது மரபு. புலவர் தம் மக்களுக்குத் தெரிந்த நிலத்தில் வைத்தே நபிகளாரின் வரலாற்றைச் சொன்னார். மரபு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இவை எல்லாம் பாடநூலில் உள்ள சொற்கள். நம் இலக்கியத்துக்கென்று வேறு சில சொற்களும் உண்டு. மசலா என்றால் கேள்வி. வினாவும் விடையுமாக அமைந்த நூல். 1572ஐச் சேர்ந்த ஆயிரம் மசலா இந்த வகை. கிஸ்ஸா என்றால் கதை. முனாஜாத்து என்றால் இறைவனோடு அந்தரங்கமாக மன்றாடும் பாட்டு. நாமா என்பது பாரசீகத்திலிருந்து வந்த நூற்பெயர். படைப்போர் என்பது போர் வரலாற்றைப் பாடுவது. பழைய நிகண்டுகளிலே இவற்றைத் தேடிப் பயனில்லை. பள்ளிக்கூடக் கலைச்சொல் பட்டியலிலும் அரிதாகவே காணலாம்.

ஆனால் இந்தச் சொற்கள் தமிழுக்கு அந்நியமல்ல. தோணியைத் திருப்புகிற சுக்கான் அறபுச் சொல். மாலுமி என்ற சொல்லோ முஅல்லிம் என்பதிலிருந்து வந்தது. வழி தெரிந்தவரே கற்பிப்பவர். கப்பலை நடத்துகிறவரையும் பிள்ளைக்கு அலிப் பே சொல்லிக்கொடுப்பவரையும் ஒரே சொல் தொட்டு நிற்கிறது. வல்வெட்டித்துறைக் கடலோடி இந்தச் சொற்களைத் தமிழாகவே பேசினார், யாரும் அந்நியம் என்று தள்ளவில்லை.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் வேறு இடங்களிலும் சிதறினோம். அயல் சிதறியபோது, கிஸ்ஸா வாசித்துப் பொருள் சொல்லித்தந்த மூத்தவர்களும் சிதறினர். இன்று பிள்ளை முனாஜாத்து என்ற சொல்லைக் கண்டால் யாரிடம் கேட்கும்?

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. வீட்டிலே ஒரு கொப்பி போதும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், கீழே பிள்ளை தானாகக் கண்டுபிடித்த ஒரு உதாரணம். மூத்தவர்கள் நினைவிலுள்ள சொல்லையும் அதிலே ஏற்றுங்கள். 1876இல் ஒரு கரையோர ஊரில் ஒருவர் தனியாளாக ஒரு நிகண்டு செய்தார். நமது நிகண்டை நாம் பலர் சேர்ந்து செய்யலாம்.

மருமகள் கொப்பியின் முதற் பக்கத்தில் 'மாலுமி' என்று எழுதியிருக்கிறாள். உதாரணத்துக்குக் கீழே, தான் ஓதிப் படித்த லெப்பையின் பெயர் இருந்தது. அது உவமையா உருவகமா என்று இனி அவளிடம்தான் கேட்கவேண்டும்.