மதுரைச் சுங்குடியும் சாயத்தொழிற் பயிற்சியும்

துணிக்குச் சாயமிடுதலை நகரத்தார் தொழில் என்றும், வேளாண்மைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்றும் மதுரைச் சீமையிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருத்தமுடையதன்று. சாயத்துக்குரிய செடிகள் வயலிலும் தரிசிலும் விளைபவை. துணியில் முடிச்சிடும் வேலை, வீட்டிலிருந்தபடியே ஓய்வு வேளைகளிற் செய்யத்தக்கது. தொழில் முடிந்தபின் எஞ்சும் கழிவுநீரோ வாய்க்காலையும் கிணற்றையும் நாடியே வருகின்றது. ஆகையால், சாயமிடுதலிலும் துணிச் சித்திர வேலையிலும் பயிற்சியளிக்கும் முகாம்கள் கிராமங்களில் ஏற்படுங்கால், அவற்றிற் கற்க வேண்டுவது யாது, விசாரிக்க வேண்டுவது யாது என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் தெரிந்திருத்தல் அவசியம்.

சுங்குடியின் வரலாறு

மதுரையின் சாயத்தொழிலுக்குப் பேர் தந்தது சுங்குடிச் சேலையாகும். இதனை வளர்த்தவர்கள் சௌராஷ்டிர சமூகத்தார். மேற்கே சௌராஷ்டிர தேசத்தினின்று புறப்பட்டுப் பல நாடுகளைக் கடந்து தெற்கே வந்த இவர்கள், நாயக்க மன்னர் காலத்தில் மதுரையில் நிலைபெற்றனர். 1623 முதல் 1659 வரை அரசு செலுத்திய திருமலை நாயக்கரின் மகாலைச் சூழ்ந்த தெருக்களில் இவர்கள் இன்றும் மிகுதியாக வாழ்கின்றனர். நெசவும் சாயமிடுதலும் இவர்களுடைய குலத்தொழில்களாயிருந்தன. வைகையில் நீரோட்டம் இருந்த காலத்தில், துணி அலசுவதற்கு ஆறும், உலர்த்துவதற்கு மணற்பரப்பும் இவர்களுக்கு உதவின.

2005ஆம் வருஷத்தில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும், கையால் முடிச்சிட்ட அசல் சுங்குடி அருகிவிட்டது. இப்பொழுது கடைகளிற் சுங்குடி என்று விற்கப்படுபவற்றுட் பெரும்பாலன, மெழுகு அச்சினாலோ திரை அச்சினாலோ புள்ளியிடப்பட்டவை. முடிச்சுக்குக் கிடைக்கும் கூலி சொற்பமாகவும், அச்சு வேலை விரைவாகவும் இருத்தலே இதற்குக் காரணம். தாயிடமிருந்து மகள் கற்றுவந்த இவ்வேலையை, அடுத்த தலைமுறைப் பெண்கள் கற்கவில்லை. வீட்டிற் கற்பிப்பார் குறைந்தமையால், பயிற்சி முகாம்களே இக்கலைக்குப் பள்ளிக்கூடமாக வேண்டிய நிலை வந்திருக்கிறது.

முடிச்சிடும் முறை

முதலில் பருத்தித் துணியைக் கஞ்சி போக நன்றாக அலசி உலர்த்துவார்கள். பிறகு மடித்து, புள்ளி விழவேண்டிய இடங்களில் அடையாளமிடுவார்கள். ஒவ்வோர் அடையாளத்திலும் துணியை நுனிவிரலால் கிள்ளி உயர்த்தி, நூலால் இறுகச் சுற்றி முடிவார்கள். நூல் இறுகிய இடத்திற் சாயம் ஏறாது. சாயத்தில் தோய்த்து உலர்த்தியபின், துணியை இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் தெறித்து அவிழும். அவ்விடங்களில் வெண்புள்ளிகள் மலர்ந்து நிற்கும். நுண்ணிய வேலைப்பாடுள்ள சேலைக்கு 20,000 முடிச்சு வரை தேவைப்படும் என்பர். இரண்டு வர்ணம் வேண்டுமாயின், வெளிர்ந்த சாயத்தை முதலில் ஏற்றி, மறுபடி முடிச்சிட்டுக் கருஞ்சாயத்தில் தோய்க்க வேண்டும்.

அசலையும் அச்சையும் பிரித்தறிதல் எளிது. முடிச்சிட்ட புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. துணியின் இருபுறமும் ஒருங்கே தெரியும். புதுச்சேலையில் முடிச்சின் சுருக்கமும் நிற்கும். அச்சுப் புள்ளிகளோ ஓரளவாயும் ஒரே வடிவாயும் இருக்கும்.

சாயம் பற்றும் விதம்

பயிற்சிக்கு வருவோர் வர்ணத்தின் அழகிலேயே மனத்தைச் செலுத்தி, சாயம் நிலைப்பதற்குரிய காரணத்தை அறியாது திரும்புவதுண்டு. பருத்தி நூல், தாவரச் சாயங்களுள் பெரும்பாலானவற்றைத் தானாகப் பற்றுவதில்லை. நூலையும் சாயத்தையும் இணைக்க மூன்றாவதொரு பொருள் வேண்டும். துவர்ப்புள்ள கடுக்காய் நீரில் துணியை ஊறவைத்துப் பின்னர்ப் படிக்கார நீரில் தோய்ப்பது நம் நாட்டின் பழைய முறை. துணியின் நிறை 100 பங்காயின், படிக்காரம் ஏறக்குறைய 15 முதல் 20 பங்கு போதும். படிக்காரத்துக்குப் பதிலாக அன்னபேதியைச் சேர்த்தால், கடுக்காய் ஏறிய துணி கறுக்கும். ஆனால் அன்னபேதி மிகுந்தால் நூல் நைந்துபோகும்.

நீலம் இவற்றினின்று வேறுபட்டது. அவுரி நீலம் தண்ணீரிற் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தால், அது நிறமாறிக் கரையும். அத்தொட்டியில் முக்கியெடுத்த துணி முதலிற் பசுமஞ்சளாகத் தோன்றி, காற்றுப் பட்டவுடன் நீலமாக மாறும். தொட்டியின் மணத்தையும் நுரையையும் கண்டு பக்குவமறிதல், புத்தகத்தால் வாராது. பலநாட் பழக்கத்தாலேயே வரும். ஒரே நாளில் நடந்து முடியும் முகாம், ஆவலை எழுப்புமேயன்றித் தொழிலைத் தாராது.

வயலில் விளையும் சாயங்கள்

1868இல் ஜெர்மானிய ரஸாயனிகள் வேர்ச்சிவப்பின் சாரத்தைச் செயற்கையாக உண்டாக்கினர். 1897 முதல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் தோண்டியெடுத்த சாயவேரும், அவுரிச் சாகுபடியும் அதன்பின் சரிந்தன. எனினும் அவுரி அறவே மறையவில்லை; திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியில் இன்றும் பயிராகின்றது. தாவரச் சாயத்துணியை விரும்புவோர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெருகியிருக்கின்றனர்.

அவுரி பயறு இனத்தைச் சேர்ந்தது. ஆதலின் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும். விதைத்து மூன்று நான்கு மாதங்களிற் பூக்குந் தருணத்தில் அறுக்கலாம். தழைத்தபின் மறுபடியும் அறுக்கலாம். தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்நீரைத் துடுப்பால் அடித்தால் நீலம் திரண்டு அடியிற் படியும். ஊறிய தழை வயலுக்கு நல்ல எரு. ஆயினும் கொள்வோரை முன்னதாக நிச்சயித்துக் கொள்ளாமல் பெரும் பரப்பில் விதைப்பது விவேகமன்று.

தனிச் சாகுபடி வேண்டாத சாயப்பொருள்களும் உண்டு. நிலக்கோட்டை, மதுரைப் பூச்சந்தைகளில் விலைபோகாத செண்டுப்பூ மஞ்சள் நிறம் தரும். மாதுளைத் தோல், வெங்காயச் சருகு, கருவேலம்பட்டை, தரிசில் முளைக்கும் மஞ்சணத்தியின் வேர் ஆகியவையும் பயன்படும். கறி மஞ்சளின் நிறமோ வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். அதனை நம்பித் துணி விற்போர் பெயரிழப்பர்.

கழிவுநீரைப் பற்றிய எச்சரிக்கை

நிலமுடையோர் யாவரினும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. இக்காலத்திற் பருத்திக்கு மிகுதியாக வழங்கும் செயற்கைச் சாயவகையில், ஒரு லிட்டர் சாயநீருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புச் சேர்ப்பது வழக்கம். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகின்றது. கழிவுநீரைத் தேக்கி வண்டலைப் படியவைத்தால் நிறம் குறையலாம், உப்புக் குறையாது. தெளிந்த நீர் என்று நம்பி அதனை நிலத்திற் பாய்ச்சினால் மண் உவர்ந்து கெடும்.

இதன் விளைவைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. அந்நீரால் கீழ்ப்பகுதி நிலங்களும் கிணறுகளும் கெட்டன. உழவர் நீதிமன்றம் ஏறினர். கழிவை அறவே வெளிவிடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. சிறு பட்டறை ஒன்றால் என்ன நேரும் என்று கேட்பவர், சிறியவை பல சேர்ந்தே அந்நிலை உண்டாயிற்று என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தாவரச் சாயம் என்ற பெயரும் தீங்கின்மைக்குச் சாட்சியாகாது. மயில்துத்தம், குரோமிய உப்புகள் ஆகியவற்றைக் கொண்டு நிறம் நிலைப்பிக்கும் முறையும் உண்டு. அந்நீர் வயலுக்கும் கால்நடைக்கும் ஆகாது. கடுக்காய், படிக்காரம், சுண்ணாம்பு என்பவற்றோடு நிற்கும் முறையே கிராமத்துக்கு ஏற்றது. படிக்கார நீரைக் கொட்டிவிடாமல், குறைந்த அளவைச் சேர்த்து மறுமுறையும் உபயோகிக்கலாம்.

முகாம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவை

பயிற்சிக்கு உதவத்தக்க ஸ்தாபனங்கள் நாட்டில் இல்லாமலில்லை. 1956 முதல் ஏற்பட்ட நெசவாளர் சேவை மையங்களும், 1960இல் சேலத்தில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் சாயத்தையும் வடிவமைப்பையும் கற்பித்து வருகின்றன. 1947இல் நிறுவப்பட்ட காந்திகிராமத்துக்கு அண்மையிலுள்ள சின்னாளப்பட்டி சுங்குடிக்குப் பேர்போன ஊர். அங்குள்ளோரிடம் கைப்பழக்கத்தைக் கண்டறியலாம். மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற் சாகுபடி பற்றி விசாரிக்கலாம்.

முகாம் ஏற்பாடு செய்யும் பஞ்சாயத்தார் பின்வருவனவற்றை முன்கூட்டியே நிச்சயித்தல் நலம்.

1. முடிச்சிடுதலை அறிந்த மூத்த பெண்மணி ஒருவரேனும் ஆசிரியராக இருத்தல் வேண்டும். அவருக்குத் தகுந்த ஊதியமும் கொடுத்தல் வேண்டும்.

2. அறுவடைக் காலத்தை விலக்கி, வேலை குறைந்த மாதங்களிற் பல வாரங்கள் தொடர்ந்து நடத்துதல் வேண்டும்.

3. சாயமிட்ட துணியைப் பாதி மறைத்து வெயிலில் வைத்தும், சோப்பு நீரில் அலசியும், நிறம் நிற்பதைக் கற்போரே சோதித்தறிய வேண்டும்.

4. அளவையும் நிறையையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கப் பழக்க வேண்டும். குறிப்பில்லாதவர் அதே நிறத்தை மறுமுறை எடுக்க இயலாது.

5. கழிவுநீர் எங்கே செல்லும் என்பதை நிச்சயித்த பின்னரே முதற்றொட்டி வைத்தல் வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் அருகில் இடந்தரலாகாது.

6. முடிச்சுக் கூலியையும், துணி கொள்வோரையும் பற்றி ஒளிவின்றிப் பேசுதல் வேண்டும். கூலி கட்டாத கலை எவ்வளவு உயர்ந்ததாயினும் நிலைக்காது.

முடிச்சறிந்த கைகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அக்கைகள் உள்ளபோதே இளம்பெண்கள் கற்றுக்கொள்ளின், மதுரைக்குப் பேர் தந்த தொழில் நிலைக்கும்; உழவர் குடும்பத்துக்கும் வேலையற்ற மாதங்களிற் சிறிது வருமானம் சேரும். ஆனால் அவ்வருமானத்துக்காகக் கிணற்றையும் வயலையும் ஈடுவைத்தல் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் பயிற்சிக்கே கிராமத்தார் தங்கள் சாவடியைத் திறந்து கொடுக்க வேண்டும்.