டைமர் தட்ட, டிஎம்ஏ சுமக்க

கோச்சடையில ஒரு வீட்டு போர் மோட்டாரை எடுத்துக்கோங்க. தண்ணி வத்திட்டா மோட்டார் இழுக்கிற கரன்ட் இறங்கும். அதைக் கண்டுபிடிச்சு நிறுத்தலேன்னா காயில் போயிடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். சுற்றுக்கு 128 மாதிரி எடுத்தால் செகண்டுக்கு 6400. (கிளாம்ப் சென்சார் வழியாத்தான்! மெயின் வயரை போர்டுல சொருகிடாதீங்க.)

இதை சிபியு தலையில கட்டினால், 6400 தடவை கையிலுள்ள வேலையைப் போட்டுட்டு ஓடணும். அந்த நேரம் வேறொரு இன்டரப்ட் ஓடிக்கொண்டிருந்தால் மாதிரி தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போச்சுன்னு குறிப்பும் இருக்காது.

எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் நான் செய்கிற ஏற்பாடு: 72 மெகாஹெர்ட்ஸை 6400 ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 11250. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் டைமர் 3-ல 11249 என்று எழுதணும். டைமர் நிரம்பும்போதெல்லாம் அதுவே ஏடிசியைத் தட்டும். ஏடிசி அளந்து முடித்ததும் டிஎம்ஏ 1, சேனல் 1 அந்த எண்ணை எடுத்து மெமரியில் வைக்கும். சிபியுவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

பலரும் குழம்புற இடம் ஒண்ணு உண்டு. டிஎம்ஏவும் பஸ்ஸுக்குக் காத்திருக்குமே? காத்திருக்கட்டும். எப்போது அளப்பது என்பதை டைமர் முடிவு பண்ணியாச்சு; சுமை அடுத்த மாதிரிக்குள்ள போய்ச் சேர்ந்தால் போதும்.

256 இடமுள்ள பஃபரை சர்குலர் மோடில் வையுங்க. பாதி நிறைந்ததும் ஒரு இன்டரப்ட், முழுசும் நிறைந்ததும் இன்னொண்ணு. ஒரு பாதி நிரம்பும்போது மறுபாதியை சிபியு கணக்குப் போடும். 6400 இப்போ 50 ஆயிடுச்சு. ஆனா அந்த 20 மில்லி செகண்டுக்குள்ள கணக்கை முடிக்கலேன்னா, டிஎம்ஏ நிக்காது. பழைய எண்கள் மேலேயே எழுதிட்டுப் போயிடும்.