எண்ணெய் மாஹுலுக்கு, அபராதம் தாராவிக்கு

வல்லரசுக் கூட்டணி என்றதும் போர்க்கப்பலும் உச்சி மாநாட்டுப் புகைப்படமும்தான் ஞாபகத்துக்கு வரும். மும்பையில் செம்பூரை அடுத்த மாஹுல் பக்கம் போய்ப் பார்த்தால் இந்தக் கதையின் வேறு முகம் தெரியும்.

மும்பைத் துறைமுகத்துக்குள் இருக்கும் புட்சர் தீவில், அதாவது இன்றைய ஜவாஹர் தீவில், கச்சா எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும். கடலடிக் குழாய் வழியே எண்ணெய் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஏறும். 1954, 55-ல் அந்த ஆலைகளைத் தொடங்கியவை மேலைநாட்டுக் கம்பெனிகள். 1960-ல் சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. ‘சுத்திகரித்துக் கொடுங்கள்’ என்று இந்திய அரசு கேட்டதற்குக் கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. எழுபதுகளில் ஆலைகள் அரசுடைமையாயின. இனி யாரிடம் எண்ணெய் வாங்குவது என்பது நம் இஷ்டம் என்று நினைத்தோம்.

அந்த நினைப்புக்கு ஆயுசு 2022 டிசம்பர் வரைதான். பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் விற்கும் ரஷ்ய எண்ணெய்க்குத் தங்கள் கப்பலும் கிடையாது, காப்பீடும் கிடையாது என்று ஜி7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அறிவித்தன. என்னை உறுத்துவது அந்தக் காப்பீடுதான். உலகின் கடல் கடக்கும் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு தருவது, லண்டனில் செயலகம் வைத்திருக்கும் ஒரு டஜன் சங்கங்களின் குழு. எண்ணெய் கொட்டினால் யார் பொறுப்பு என்பதற்குச் சான்று இல்லாத டேங்கரை எந்தத் துறைமுகமும் லேசில் உள்ளே விடாது. ஏவுகணையைத் தடுக்க வழி இருக்கிறது. இந்தக் காகிதத்தைத் தடுக்க வழி?

ஆனாலும் ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டே இருந்தோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான அபராதம். வேடிக்கை என்னவென்றால், பெட்ரோலியப் பொருள்களுக்கு விலக்கு இருந்தது. தோல் பைக்கு விலக்கு இருக்கவில்லை.

தாராவியில் தோல் தொழிலை வேரூன்ற வைத்தவர்கள் திருநெல்வேலித் தமிழர்கள். பதனிடும் வேலை ஊரைவிட்டுப் போய்விட்டது. பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ஏணி ஏறிப் போனால் பரணில் நாலைந்து பேர் ஓரத்தைச் சீவி, பசை தடவி, மடித்துத் தட்டி, மெஷினில் ஓட்டுவார்கள். கூலி பீஸ் கணக்கு. ஏற்றுமதி ஆர்டர் நின்றால் அன்றைக்கே கூலியும் நின்றது. எண்ணெய் யாரிடம் வாங்குவது என்று இவர்களை யாரும் கேட்டதில்லை.

கூட்டணி இல்லாவிட்டால் வலுத்தவன் வைத்ததே சட்டமாகிவிடும் என்பார்கள். ரஷ்யாவின் பக்கத்தில் இருக்கும் போலந்துக்காரர் அப்படிச் சொன்னால் நியாயம் உண்டு. பரணில் இருப்பவருக்குக் கூட்டணிகள் இருந்தும் அதுதானே நடந்தது?

டெல்லி அடுத்த போர் விமானத்துக்குப் பேரம் பேசும் முன், நம் எண்ணெய்க் கப்பல்களுக்கு உலகம் ஏற்கும் சொந்தக் காப்பீட்டை உருவாக்கட்டும். அபராதத்தால் ஆர்டர் இழந்த பட்டறைகளுக்கு, தள்ளுபடியில் மிச்சமான பணத்திலிருந்து ஈடு கொடுக்கட்டும்.